உன் காதில் ஒரு குறையும் இல்லை

கண்ணு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். திருப்பூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். பட்டன் போன் வந்த புதிதில், நெருப்பெரிச்சல் ஊர் டீக்கடையில் நின்றுகொண்டு, "பாத்துட்டே இருங்க, இந்த டப்பாக்குள்ள ஒரு நாளைக்கு வாத்தியார் வந்து உக்காரப் போறாருங்க" என்று சொன்னவன் உன் அப்பன். கடையே சிரித்தது. இப்போது அந்தக் கடைக்காரரே போனைப் பார்த்துத்தான் பரோட்டாவுக்குப் புதுப்புதுக் குருமா வைக்கிறார். பிள்ளைகள் ஒரு நிமிடப் படத்தைப் பார்த்துத் தொழில் கற்பார்கள் என்று சொன்னேன். அதில் ஒரு நாள் ஒரு பெண் கண்ணீர் விடுவாள் என்றும் சொன்னேன். உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அப்படி ஒண்ணும் நீங்க சொன்ன மாதிரித் தெரியலீங்களே" என்கிறாள். அவளுக்கு ஞாபகம் போதாது. நீ மேலே படி.

இதை உனக்குத் தபாலில் போடாமல் நம் தொழில்காரர்கள் வாங்கிப் படிக்கும் இந்த மாத இதழுக்கு ஏன் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். ஊரெல்லாம் போனில் சுற்றுகிற என் வீடியோவைப் பார்த்துவிட்டு இதழ் நடத்துகிறவர் வீடு தேடி வந்தார். "மாமா, போனைப் பாத்துக் கெட்டுப்போற பசங்களுக்கு நாலு புத்திமதி எழுதிக் குடுங்க" என்றார். இப்போது ஊரில் எல்லாருக்கும் நான் மாமாதான். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பெல்லாம் பிரமாதமாக வந்தது. முதல் வரி வரவில்லை. யாரோ ஒரு பையனுக்கு எழுத வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிற மாதிரி இருந்தது. அப்புறம் போன வாரம் நீ சென்னையிலிருந்து போனில் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அதைக் கேட்ட பிறகு புத்திமதித் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஊர் முன்னால் ஒன்றைச் சொன்னவன், அதைத் திருத்துவதானாலும் ஊர் முன்னால்தான் திருத்த வேண்டும். அதுதான் இந்தக் கடிதம்.

எனக்குத் தொழில் வந்த கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு (ஏழாவதில் பாதி என்கிறாள் உன் அம்மா) கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். பெரிய கைகாரர். துணியின்மேல் அளவு அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு போடும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். கழுத்து வளைவை எங்கே ஆரம்பிக்கிறார், எங்கே திருப்புகிறார் என்று ஒருத்தனும் பார்த்துவிடக் கூடாது. நாங்கள் வெட்டுத்துணி பொறுக்குகிற மாதிரி மேசைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்ப்போம். பார்த்தது தெரிந்தால் மர ஸ்கேல் முதுகில் இறங்கும். எவனாவது தப்பாக வெட்ட ஆரம்பித்தால் அவர் தடுக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, வெட்டி முடிக்கும்வரை நிற்பார். எல்லாம் பாழான பிறகு, "தெரியும்டா, நீ இப்படித்தான் வெட்டுவேன்னு எனக்கு அப்பவே தெரியும்டா" என்பார். தெரிந்ததை வாயைத் திறந்து சொல்லாதவனுக்குத்தான் எங்கள் காலத்தில் மாஸ்டர் என்று பேர். அப்படிப்பட்டவரிடம் கண்ணால் திருடிக் கற்றவன் நான். பிறகு நானே மாஸ்டரானேன். நான் வெட்டிய பனியன் கழுத்தைப் பார்த்து, சரக்கு வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "அவுரு கண்ணுல பஞ்சு விழுந்துருச்சுன்னு அன்னைக்கு ஊட்டுல வந்து சொன்னீங்களே" என்கிறாள் உன் அம்மா. பஞ்சும் விழுந்திருக்கலாம். பனியன் கம்பெனியில் பஞ்சு விழாத கண் எது?

நீ பி.காம். முடித்துவிட்டு துணி வெட்டும் கொட்டகையில், நம் கட்டிங் செட்டில், கணக்குப் பார்க்க உட்கார்ந்தாய். அங்கேதான் ஆரம்பித்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"ஏங்கண்ணு, சோறு ஆறிப்போவுது. அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னத்தத் தேடற?"

"கை வைக்கிற எடத்துல வளைவு எப்படி வரையறதுன்னு ஒரு அக்கா சொல்றாங்கப்பா. ஒரே நிமிஷம்."

"ஒரு நிமிஷத்துல வளைவு வந்துருமுன்னா நான் எதுக்குக் கண்ணு பத்து வருசம் ஸ்கேல்ல அடி வாங்குனேன்?"

"அதையேதாங்கப்பா நானும் கேக்கறேன்."

செட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து நீ போன் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இதழைப் படிக்கிற பெற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளை அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். என் மகள் முதல் தடவை சத்தமில்லாமல் பார்ப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், கையை மட்டும்தான் பார்ப்பாள். இரண்டாம் தடவை சத்தத்தோடு. மூன்றாம் தடவை கட்டை விரலை வைத்துப் படத்தை அப்படியே நிறுத்திப்பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பேப்பரை விரித்து வரைவாள். அதோடு விடுவாளா? அதே வளைவை இன்னொருவர் எப்படிப் போடுகிறார் என்று தேடுவாள். ஒருவர் இந்தியில் பேசுவார், ஒருவர் எந்த ஊர் பாஷையிலோ பேசுவார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கப்பா. எல்லாரும் ஒத்துப்போற எடத்தை நம்பிக்கலாம். ஒத்துப்போகாத எடத்தை நாமளே வெட்டிப் பாத்துக்கணும்" என்பாய். பிறகு நம் வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்து, மிச்சத்தில் வெட்டிப் பார்ப்பாய். சரியாக வராவிட்டால் வீடியோவுக்குக் கீழே கேள்வி எழுதிப் போடுவாய். எங்கேயோ லூதியானாவில் இருந்து ஒரு ஆள் பதில் சொல்லுவார். முதுகைக் காட்டாத மாஸ்டர்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஒரு தடவை நீ தைத்த கை, தோளில் நிற்காமல் தொங்கிப்போனது. நான் மனசுக்குள் ஒரு கைதட்டுத் தட்டிக்கொண்டேன். நீ அந்தக் கையை இழுத்தாய், விட்டாய், இழுத்தாய், விட்டாய். "அப்பா, அந்த வீடியோ சட்டைத் துணிக்குச் சொன்னதுங்க. நம்முளுது பனியன் துணி, இழுத்தா வரும், விட்டா போவும். இதுக்கு அவுங்க விடச் சொன்ன அந்தத் தளர்ச்சி வேண்டியதில்லைங்க" என்றாய். எனக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆனது. உனக்கு ஒரு மத்தியானம். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை. வயிறு எரிந்தது.

அப்போதுதான் ஜெபமணி அந்த வேலையைக் கொண்டுவந்தாள். நம் செட்டுக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாளே, தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள், அவள்தான். "அண்ணாச்சி, எங்க சர்ச்சுல பிள்ளையளுக்கு லீவு வகுப்பு நடக்கு. கடைசி நாளு எல்லாப் பிள்ளையளும் ஒரே மாரி டி-சர்ட் போட்டுப் பாடணுமாம். நம்ம பாப்பா வெட்டித் தரட்டுமே, நான் தச்சுக்கிடுதேன்" என்றாள். நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டாய். உன் முதல் வேலை. அதற்கு அளவெடுக்க நீ அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் நடந்ததும், ஒவ்வொன்றின் பேரையும் கேட்டு வைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். "ஒரு பையன் அளவெடுக்க உட மாட்டேங்கறானுங்கப்பா, கூச்சமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

டி-சர்ட்டுக்கான மஞ்சள் துணி, நீ வெட்டிய அன்று காலையில்தான் ரோலாக வந்து இறங்கியது. இதைத் தொழில் தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் துணியை ரோலாகச் சுற்றும்போது இழுத்துத்தான் சுற்றுவார்கள். வந்த உடனே அதன்மேல் கத்தி வைக்கக் கூடாது. ரோலை அவிழ்த்து, மடிப்பு மடிப்பாகத் தளரப் போட்டு, ஒரு ராத்திரி அப்படியே கிடக்க விட வேண்டும். இழுபட்ட இழுப்பையெல்லாம் விட்டுவிட்டு, காலையில் துணி தன் சொந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கும். வெட்டுவது அதற்கப்புறம்தான். முதல் நாளே வெட்டிவிட்டால், வெட்டின பிறகு சுருங்கும். ஒரு நிமிட வீடியோவில் இது எங்கே வரும்? துணி சும்மா கிடப்பதை யார் நின்று பார்ப்பார்கள்? ரோல் வந்து இறங்கும், அடுத்த நொடி மேசைமேல் விரிந்து கிடக்கும். அதற்கு நடுவில் போன ராத்திரியை வெட்டி எறிந்திருப்பார்கள். சொல்லித்தருகிறவர் மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. இடமில்லை, அவ்வளவுதான். அந்த ராத்திரியைச் சொல்ல, வீடியோவுக்கு வெளியில், பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஆள் இருந்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ ரோலை உருட்டி மேசையில் விரித்தாய், அடுக்கினாய், அட்டையை வைத்துக் கோடு போட்டாய். கத்தியை எடுக்கும் முன்னால் ஒரு கணம் நின்றாய். துணியின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாய். உன் விரலுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, இப்படியே வெட்டலாமுங்களா? சரியாத்தான இருக்குது?"

"எங்கிட்ட எதுக்குக் கண்ணு கேக்கற? போனுக்குள்ள வாத்தியாருக்கா பஞ்சம்? அவுங்க சொன்னாப்லயே செய்யி."

நீ சிரித்தாய். நான் கேலி செய்கிறேன் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாய். கத்தியை ஓட்டினாய். அப்போதுதான் உன் அம்மா டீ கொண்டுவந்தாள். நான் டீயை வாங்கி ஆற்றிக் குடித்தேன். கையைக் கட்டவில்லை என்பதைத் தவிர, எங்கள் மாஸ்டர் நின்ற நிலைக்கும் நான் உட்கார்ந்திருந்த நிலைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் போன் ஒரே ஒரு தடவை தோற்க வேண்டும், நீ என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு ரோல் துணி போனால் போகிறது என்று நினைத்தேன். தோற்கப்போவது போன் இல்லை, நீ என்பது எனக்கு டீ குடித்து முடிக்கும்வரை உறைக்கவில்லை. உறைத்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை. நான் முன்கூட்டியே சொன்னேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, கண்ணு? எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. சொன்னது எங்கே?

ஜெபமணி தைத்து முடித்தாள். அயர்ன் டேபிளில் ஆவி பட்டதும் டி-சர்ட்டெல்லாம் சுருங்கி மேலே ஏறிவிட்டது. நீ டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தாய். "ஆவி பட்டா கொஞ்சம் ஏறத்தான் செய்யும், பாப்பா. சின்னப் பிள்ளைய உடுப்புதான, ஒண்ணும் ஆவாது" என்று ஜெபமணி தேற்றினாள். பிள்ளைகளின் வீட்டில் ஒரு தடவை அலசிப் போட்டதும் இன்னும் ஏறியது. கடைசி நாள் சர்ச்சுக்கு நம் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றன, மஞ்சள் மஞ்சளாக. நிற்கும்வரைக்கும் அழகாகத்தான் இருந்தது. பாட்டு ஆரம்பித்தது. அது கையைத் தூக்கி ஆடிப் பாடுகிற பாட்டு. முதல் அடிக்கு எல்லாக் கையும் மேலே போனது. எல்லா டி-சர்ட்டும் கூடவே மேலே போனது. வரிசையாக அத்தனை தொப்புளும் வெளியே வந்தது. சபையே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு இன்னும் உயரத் தூக்கின. அளவெடுக்கக் கூச்சப்பட்ட அந்தப் பையன் மட்டும் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் டி-சர்ட்டைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டே பாட்டு முடியும்வரை நின்றான். நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

வெளியில் டீ கொடுக்கும்போது நம் தொழில்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க, நீங்க இவ்வளவு பெரிய கட்டிங் மாஸ்டரு. புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

"சொல்லாம உடுவனுங்களா? துணி ஒரு ராத்திரி கெடக்கோணுமுன்னு முந்தின நாளே தலைதலையா அடிச்சுக்கிட்டேனுங்க. காதுல வயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எங்கீங்க கேக்குது?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நீ டீக் கிளாஸோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாய். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்.

"எப்பங்கப்பா சொன்னீங்க?"

"முந்தின நாள் சாயங்காலந்தான். நீ அந்தப் போனையே பாத்துட்டு இருக்கையில."

"வெட்டறப்போ உங்ககிட்டக் கேட்டேனுங்களே. அப்பச் சொல்லலீங்களே."

"ஒருக்காச் சொன்னதைக் கேக்காதவளுக்கு மறுக்காச் சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு சும்மா இருந்துட்டேன்."

யோசித்துப் பார்த்தாய். யோசித்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். பிறகு நீ சொன்னாய், "எனக்குக் கேக்கவே இல்லீங்கப்பா. மன்னிச்சுக்குங்கப்பா." அடுப்படியில் உன் அம்மா கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது சொல்கிறாள்: "எத்தனையோ கதை உட்டீங்க, நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இது நம்ம புள்ளையாச்சேன்னு அன்னைக்கே நான் வாயைத் தொறந்திருக்கோணுமுங்க." அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அப்புறம் நீ கத்தியைத் தொடவில்லை. சேர்த்து வைத்திருந்த வீடியோக்களையெல்லாம் அழித்தாய். ஏன் கண்ணு என்று உன் அம்மா கேட்டதற்கு, "எதைக் கையில எடுத்தாலும், யாரோ என்னமோ சொல்லி எனக்குக் கேக்காமப் போயிருமோன்னு இருக்குதும்மா" என்றாய். சென்னையில் ஒரு பர்னிச்சர் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது, போனாய். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது உன் கைக்கு ஏற்ற வேலை இல்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

நீ போன பிறகு நான் வாயை மூடியிருக்கலாம். அவிநாசிபாளையத்தில் நம் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், பந்திக்கு நிற்கும்போது, பேச்சு பிள்ளைகள் போன் பார்ப்பதைப் பற்றித் திரும்பியது. நான் விடுவேனா? சர்ச் கதையையும் தொப்புளையும் சொல்லி, காது வயரையும் சொல்லி, கடைசியில் "போனைப் பாத்து வெட்டுனா துணியும் போவும், மானமும் போவும்" என்று முடித்தேன். எவனோ ஒரு பையன் படம் பிடித்திருக்கிறான். பின்னால் சோகமாக ஒரு இசையைப் போட்டு, அதை ஒரு நிமிட வீடியோவாக விட்டுவிட்டான். அவ்வளவுதான், அடுத்த வாரமே பல்லடம் பஸ்ஸில் ஒரு பெண், "மாமா, நீங்கதானுங்க அந்தக் காது வயர் மாமா?" என்று எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெர்மன்காரர் அழுத கதைக்குக்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. பிறகு பல்லடத்திலிருந்து தறிக்காரர் ஒருவர் எப்படியோ நம்பர் வாங்கிப் போன் பண்ணி நன்றி சொன்னார். அவர் மகள் போனைப் பார்த்துப் பார்த்து ரவிக்கை வெட்டப் பழகிக்கொண்டிருந்தாளாம். என் வீடியோவைக் காட்டிவிட்டுப் போனைப் பிடுங்கிவிட்டாராம். "புள்ள என்னுங்க சொல்லுச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்க சொன்னது சரிதானுன்னு ஒத்துக்கிச்சுங்க" என்றார். அந்தப் பெண்ணின் அப்பா இதைப் படித்தால், ஐயா, போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரவிக்கை வெட்டும்போது, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கேட்டால் பதில் சொல்கிறவராகப் பார்த்து உட்கார வையுங்கள்.

போன வாரம் நீ கூப்பிட்டாய். கடையில் எல்லாரும் என் வீடியோவைப் பார்த்தார்கள் என்றும், "எங்கப்பாதான்" என்று நீ சொல்லிக்கொண்டாய் என்றும் சந்தோஷமாகச் சொன்னாய். அதோடு, சிரித்துக்கொண்டே, "ஒரு சமாச்சாரம் தெரியுமுங்களாப்பா? நான் காது டாக்டருகிட்டப் போயிட்டு வந்தேன். எல்லாம் வெச்சுப் பாத்தாங்க. காதுல ஒரு கொறையும் இல்லையாமா. அப்ப மண்டைலதான் போலிருக்குது" என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுத்தான் அந்தப் புத்திமதித் தாளை மடித்து வைத்தேன்.

கண்ணு, உன் காதிலும் குறை இல்லை, மண்டையிலும் இல்லை. நான் சொல்லவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் உன் காதில் வயரும் இல்லை. நீ என் எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாய். நான் சொல்லியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். சொல்லாததை நீ கேட்கவில்லை, அதற்கு மன்னிப்பும் கேட்டாய். அத்தனை ஊர் ஆட்கள் போனில் வந்து சொன்னதையெல்லாம் நீ மூன்று தடவை பார்த்து, ஒத்துப்பார்த்து, மிச்சத் துணியில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாய். வெட்டிப் பார்க்காமல் நீ நம்பியது ஒரே ஒருத்தனை. அவன் அப்பன் என்பதால் நம்பினாய். நீ கற்ற முறையில் ஒரு பிழையும் இல்லை. ஒரு ராத்திரி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அதையும் நீ விரலால் நீவிப் பார்த்துப் பாதி கண்டுபிடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாய். மறுபடி கத்தியை எடு என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு இதைச் செய் என்று சொல்லும் உரிமையை நான் அந்த டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டேன். ஆனால் நீ விட்டது உன் குறையால் என்று நினைத்து விட்டிருந்தால், அந்த நினைப்பை மட்டும் இன்றோடு எறிந்துவிடு. அப்புறம் பில் போடுவதோ துணி வெட்டுவதோ, உன் இஷ்டம்.

நான் இதை உன்னிடம் நேரில் சொல்ல முயற்சியே செய்யவில்லை என்றும் நினைத்துவிடாதே. நீ சென்னைக்குக் கிளம்பிய அன்று உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தேன் அல்லவா? நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நான் கீழே நின்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நான் சொல்லவே இல்லடா, என் தப்புதான்" என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பஸ்காரன் ஹாரனை அழுத்தினான், ஊரே அதிர்ந்தது. உன் பஸ்ஸும் நகர்ந்துவிட்டது. உனக்குக் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உன் அம்மா ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவளும் அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். அவள் பேசியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்றைக்குச் சர்ச்சில் இப்படித்தான் உனக்குக் கேட்காமல் போனதாகச் சொல்லி உன் காதைக் கெடுத்தேன். மறுபடியும் அதையே செய்திருக்கிறேன். பக்கத்தில் பஸ்ஸே இல்லை, கண்ணு. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பஸ் கிளம்ப நிறைய நேரம் இருந்தது. டிரைவர் கீழே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேனுங்கப்பா" என்றாய். அது உனக்கு நன்றாகவே கேட்டது.